பூங்காவனம் கிழிக்காத தோல்

பூங்காவனம் தவளைத் தோலைக் கிழிக்கவில்லை. கிழித்தார் என்று எழுதியவர்கள் பொய் எழுதினார்கள். அந்தப் பொய்யை மூன்று கார்பன் நகல்களோடு தட்டச்சு செய்தவன் நான்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது சிரித்த முகம், இளகிய மனம் என்று தொடங்குவதும், படிக்கிறவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவதும் வழக்கம். பூங்காவனம் அக்காவுக்கு இளகிய மனம் கிடையாது. அவர் சிரித்தால் எதிரில் இருப்பவனுக்கு எங்கேயாவது குத்தும். இந்த இதழைப் படிக்கும், நம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை செய்யும் உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். காலை ஷிப்டுக்கு நீங்கள் போகிற நேரத்தில், இடுப்பில் ஈரக் கோணியும் கோணிக்குள் ஏதோ துள்ளலுமாக மேனாம்பேட்டிலிருந்து வேக வேகமாக நடந்து வருவாரே, அவர்தான். "தவளைக்காரி" என்று நீங்கள் கூப்பிட்டால், "ஆமா, உன்ன தான் புடிக்க வந்தேன், கோணில ஏறு" என்பாரே, அவர்தான்.

செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய தம்பி ஏழுமலை. அக்கா வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் போல்ட் பட்டறையில் கடைசல்காரர். அன்று காலையில் எஸ்டேட் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"டைப்பு, அக்கா பூட்ச்சுடா."

"எந்த அக்கா?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"எனுக்கு எத்தினி அக்கா கீது? காத்தால டீ போட்டு எட்த்துகினு போறேன், குந்தினபடியே கீது. படுத்தா மூச்சு முட்டுதுன்னு ஒரு மாசமா குந்திகினே தான தூங்கிச்சு. அப்டியே பூட்ச்சு."

டீக்கடைக்காரர் அவருக்கு ஒரு கிளாஸ் நீட்டினார். ஏழுமலை வாங்கவில்லை.

"நீ அழுதுகினு வராத. அந்தப் பேப்பர் உன்னாண்ட தான கீது? அத எட்த்துகினு வா. அது போதும்."

அந்தப் பேப்பர் என்னிடம்தான் இருந்தது. பதினான்கு மாதங்களாக. அது என்ன பேப்பர், ஏன் என்னிடம் இருந்தது என்பதற்கு அக்கா அந்தக் கட்டடத்துக்குள் வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

எஸ்டேட் வந்து அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. ஒரு மருந்துக் கம்பெனி இங்கே தொழிற்சாலை கட்டி, அதன் ஓரத்தில் ஆராய்ச்சிக்கூடமும் கட்டியது. நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் மாதம், சுற்றுச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தாள்களில் ஒருவர் பூங்காவனம் அக்கா. வெளிநாட்டில் படித்து வந்த டாக்டர் ஒருவர் ஆராய்ச்சிக்குப் பொறுப்பு. அவருக்குத் தவளைகள் வேண்டும். யாரோ ஒரு கான்ட்ராக்டர் ஒரு மூட்டை கொண்டுவந்து போர்ட்டிகோவில் அவிழ்த்தான். பாதி செத்திருந்தன, மீதி சாகப் பார்த்தன. சிமென்ட் சட்டியோடு அந்தப் பக்கம் போன அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், பொணத்துக்கா வைத்தியம் பாக்க போறீங்கோ?"

மேஸ்திரி அதட்டினான். டாக்டர் அவனைக் கையமர்த்திவிட்டு, நல்ல தவளை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

"நாங்க நாத்து நட்ட எடத்துல நெறய கெடக்கும். இப்ப அங்க உங்க கம்பெனி கீது. ஏரிக்கரையாண்ட மிச்சம் மீதி இன்னா கீதுன்னு பாத்து சொல்றேன்."

மறுநாள் காலை கோணியோடு வந்தார். எல்லாம் உயிருள்ளவை, ஒரே அளவு. அன்றிலிருந்து அவர் ஆராய்ச்சிக்கூடத்தின் தினக்கூலி ஆள். நான்கு வருஷம் வேலை செய்தார், கடைசி நாள்வரை தினக்கூலிதான்.

தவளை பிடிப்பதோடு அவர் நிற்கவில்லை. அங்கே நடந்த வேலை இது. அமிலோரைடு என்று ஒரு மருந்து. மஞ்சள் நிறத்தில் மாவு போல இருக்கும். வெளிநாட்டில் கண்டுபிடித்துச் சில வருஷங்களே ஆன நீர் மாத்திரை. கால் வீங்கி, வயிறு உப்பி வருகிறவர்களுக்கு உடம்பிலிருக்கும் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றத் தருவது. பழைய நீர் மாத்திரைகள் பொட்டாசியம் என்ற இன்னொரு உப்பையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும், ஆள் துவண்டுபோவான், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். இந்த மருந்து பொட்டாசியத்தை உடம்பிலேயே விட்டுவைக்கும். அதனால் இதற்கு மவுசு. கம்பெனி இதைத் தன் சொந்த வழியில் தயாரிக்கப் பார்த்தது. தயாரிக்கிற ஒவ்வொரு தொகுதியும் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் தவளை.

நம் சிறுநீரகத்துக்குள் முடியைப் போன்ற குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் கடைசிப் பகுதி உப்பை விடாமல் உடம்புக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். தவளையின் வயிற்றுத் தோலும் அப்படியே தண்ணீரிலிருந்து உப்பை உள்ளே இழுக்கும். அந்தத் தோலை உரித்து, இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்களுக்கு நடுவே விரித்து மாட்டி, இரு பக்கமும் உப்பு நீர் ஊற்றிக் கம்பி வைத்தால், தோல் உப்பை இழுப்பது மின்சாரமாக மீட்டரில் தெரியும். முள் ஏறும். வெளிப்பக்கத்து நீரில் மஞ்சள் பொடியைக் கரைத்து விட்டால் இழுப்பது நின்றுவிடும். முள் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்ல மருந்து. பட்டம் வாங்கிய இரண்டு உதவியாளர்கள் இதை எனக்குப் பலமுறை விளக்கியும் எனக்குப் புரியவில்லை. அக்கா ஒரே தடவையில் புரியவைத்தார்.

"தோலு உப்ப உள்ள இஸ்த்துகினே கீது. மஞ்சப்பொடி போய் கதவ சாத்துது. கதவ சாத்தினா முள்ளு வுயுது. அவ்ளோ தான். இதுக்குப் போய் பெர்ய பெர்ய புக்கு வெச்சிகினு கீறாங்கோ."

அந்த உதவியாளர்கள் உரித்தால் பத்துக்கு நான்கு தோல் கிழியும். ஒருநாள் அக்கா பொறுக்க முடியாமல் கத்தியை வாங்கிக்கொண்டார். இடுக்கியைத் தள்ளி வைத்துவிட்டு, விரலை நனைத்து, தோலுக்கும் தசைக்கும் நடுவே விரல் நுனியாலேயே தள்ளித் தள்ளிப் பிரித்தார். நாற்றங்காலில் வேர் அறாமல் நாற்றுப் பிடுங்கிய கை அது. "வேரு அறுந்தா அன்னிக்கி கூலி கெடையாது, சார். பத்து வயசுலேந்து இந்தக் கையி பயந்துகினே கத்துகிச்சு" என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் ரசித்துச் சிரித்தார். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. அதற்குப்பின் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் தோல் உரித்தது அக்கா மட்டும்தான்.

இன்னொரு பழக்கமும் அவராகவே ஏற்படுத்திக்கொண்டது. சோதனை முடிந்ததும் தோலை உடனே எறியமாட்டார். என் மேஜைக்கு வருவார்.

"டைப்பு தம்பி, மை குடு."

என் மேஜையில் இருந்த நீல மை பாட்டிலை எடுத்துப் போய், ஒரு பக்கக் கிண்ணத்தில் ஒரு சொட்டு விடுவார். மறுபக்கம் நீலம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பார். வராவிட்டால் தோலில் ஓட்டை இல்லை, அன்றைய கணக்கு சரி. வந்தால் தோல் கெட்டது, அன்று மீட்டர் காட்டியது எதுவும் செல்லாது. யாரும் சொல்லித்தரவில்லை. ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

"நாளிக்கி எவனாவது வந்து நீ கிழிச்சேன்னு சொல்லுவான். அப்ப நான் இன்னாத்த காட்டுவேன்?"

சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அவருக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது. ஆனாலும் மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஒவ்வொரு தவளைக்கும் ஒரு வரி போட்டுவந்தார். ஏரித் தண்ணீர்ப் பானையில் இருந்த தவளை என்றால் ஒரு அலை. பிற்பாடு கட்டிய சிமென்ட் தொட்டியில் இருந்ததென்றால் ஒரு கட்டம். மை கசியவில்லை என்றால் ஒரு புள்ளி. முள் எவ்வளவு ஏறியது என்பதற்கு அத்தனை கோடுகள். நான் அதைப் பார்த்துக் கேலி செய்தேன். கோலம் மாதிரி இருக்கிறதே என்றேன். "உன் டைப்பு மட்டும் இன்னா, பொரி கொட்டின மாதிரி கீது" என்றார்.

அந்தத் தொட்டியில்தான் வந்தது வினை. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், பின்புறத்தில் வரிசையாக இருந்த அக்காவின் மண்பானைகளை அகற்றச் சொல்லி, சிமென்ட் தொட்டி கட்டினார் டாக்டர். தவளைகள் எல்லாம் அதில். ஒரு வாரத்தில் சில தவளைகளுக்குத் தொடையிலும் வயிற்றிலும் சிவந்து புண் வந்தது. நெருக்கமாக அடைத்தால் வருகிற நோய். உப்புப் போட்டால் வராது என்று டாக்டருக்குத் தெரியும். தினமும் காலையில் தொட்டியில் கல் உப்பு கொட்டச் சொன்னார். கொட்டியது அக்காதான். தவளைகள் பிழைத்தன. பளபளவென்று இருந்தன.

ஆனால் முள் ஏறவில்லை. அக்காவின் நோட்டில் கட்டம் போட்ட வரிகளில் கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. அவர் டாக்டரிடம் போனார். நான் அறையில் கையெழுத்துக்குக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் காதால் கேட்டேன்.

"சார், உப்பு வேணாம் சார். உப்புலயே குந்திகினு கீற தவள எதுக்கு சார் உப்ப இஸ்க்கும்? வவுறு ரொம்பினவன் சோறு கேப்பானா? ஏரித் தண்ணில உட்டா தான் அதுக்கு உப்பு பசி வரும்."

"பூங்காவனம், நீ தவளையைப் பார்த்துக்கோ. ஆராய்ச்சியை நான் பார்த்துக்கறேன்."

"தவளைய தான சார் பாத்து சொல்றேன்."

டாக்டர் குனிந்து கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பெரியவர்கள் வந்தார்கள். ஐந்து பேர், எல்லாருக்கும் கோட்டு. அக்கா அவர்கள் கண்ணெதிரே தோலை உரித்து மாட்டினார். முள் கொஞ்சம் தலைதூக்கிவிட்டு நின்றது. மஞ்சள் பொடியைக் கரைத்து விட்டார்கள். இறங்குவதற்கு என்ன இருக்கிறது, முள் அங்கேயே கிடந்தது. அடுத்த தோல். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. கோட்டு போட்டவர்களில் மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மருந்துதான் மட்டம் என்று நினைக்கத் தொடங்கிவிட்டார். டாக்டருக்கு அது புரிந்தது.

"மருந்தில் குறை இல்லை. உரிக்கும்போது தோல் கிழிந்திருக்கிறது. இந்த அட்டெண்டர் படிக்காதவள்" என்றார் ஆங்கிலத்தில்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கையைச் சுட்டிப் பேசினால் எந்த மொழியும் புரியும். என் மேஜைக்கு வந்து மை பாட்டிலை எடுத்துப் போய், மூன்று கிண்ணங்களிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். ஐந்து கோட்டுகளுக்கும் நடுவே புகுந்து நின்று, "பாருங்கோ. நல்லா குனிஞ்சி பாருங்கோ" என்றார். மூன்றிலும் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் தெளிந்த நீர். யாரும் குனியவில்லை. டாக்டர் அவர்களை டீ குடிக்க அழைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சனிக்கிழமை அக்கா தலையில் ஒரு பானையோடு வந்தார். மேனாம்பேட்டில் தன் வீட்டு வாசலில் ஏரித் தண்ணீரில் பத்து நாளாக வைத்திருந்த ஆறு தவளைகள். டாக்டர், இரண்டு உதவியாளர்கள், நான். வேறு யாரும் இல்லை. அக்கா யாரிடமும் எதுவும் கேட்காமல் முதல் தவளையை உரித்து மாட்டினார். முள் எழுந்து போய்க்கொண்டே இருந்தது. அப்படி ஏறி நான் அதுவரை பார்த்ததில்லை. பொடியை விட்டதும், மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுவதற்குள் அடிக்கு வந்துவிட்டது. ஆறு தோலும் அதே மாதிரி. மருந்து நல்ல மருந்து. தோல் நல்ல தோல். கெட்டது உப்புத் தொட்டி.

டாக்டர் மீட்டரை அணைத்தார். பிறகு, "அந்த நோட்டைக் கொஞ்சம் கொடு, பூங்காவனம். பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றார். அக்கா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

திங்கட்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு மெமோ எழுதச் சொன்னார். "கவனக்குறைவாகத் தோலைக் கிழித்து முக்கியமான சோதனையைப் பாழாக்கியதால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்." நான் பென்சிலை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

"தலைமை அலுவலகத்துக்கு நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது" என்றார். "மாற்றிச் சொன்னால் உப்பு யார் போடச் சொன்னது என்று கேட்பார்கள். அவளுக்கு வேறு வேலை தருவோம். டைப் பண்ணு."

டைப் பண்ணினேன். எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று, வீட்டில் ஒரே சம்பளம் என்னுடையது. இந்தக் காரணத்தை அக்காவிடம் சொன்னபோது, "தெரியும் நைனா, உன் வெரலு தான, உன் வாயி இல்லியே" என்றார். அவர் மன்னித்தார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாயைத் திறக்காதவன் என்றுதான் சொன்னார்.

அந்த வாரமே வியாழக்கிழமை இன்னொன்றும் டைப் செய்தேன். கம்பெனிக்கு டாக்டர் அனுப்பிய அறிக்கை. தவளைகளை உப்பில்லாத நீரில் வைத்திருந்தால்தான் அமிலோரைடின் வலிமை சரியாகத் தெரியும் என்பதை "நாம் கண்டறிந்துள்ளோம்" என்று அதில் இருந்தது. கூடவே ஒரு அட்டவணை. கட்டங்களும் அலைகளும் போய் அங்கே எண்கள் வந்திருந்தன. ஒரே வாரம், ஒரே தட்டச்சு இயந்திரம். திங்கட்கிழமை தோல் கிழிந்தது, வியாழக்கிழமை தோல் கிழியவே இல்லை.

திங்கட்கிழமையே மெமோவை அக்காவிடம் கொடுத்தபோது நானும் அறையில் இருந்தேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மாத்திரை அடைக்கும் பிரிவில் நாளையே வேலை, இந்த முறை நிரந்தரம் என்றார் டாக்டர். அவர் கெஞ்சும் குரலில்தான் பேசினார்.

"இதுல இன்னா எய்திகீது, டைப்பு தம்பி? படி" என்றார் அக்கா.

தமிழில் படித்தேன்.

"கிழிச்சேன்னு கீதா?"

"ஆமாக்கா."

"அந்த லைன அட்ச்சிட்டு குடுங்கோ சார். உப்பு நீங்க போட சொன்னீங்கோன்னு எய்த வேணாம். நான் கிழிக்கல, அவ்ளோ தான். அட்ச்சிட்டு குடுங்கோ, வேல இல்லன்னாலும் கையெய்த்து போடறேன்."

"அது ஒரு ஃபார்மாலிட்டி, பூங்காவனம். யாரும் படிக்கப் போவதில்லை."

"நான் படிக்க தெரியாதவ சார். நானே படிச்சிட்டேன்."

பேப்பரை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். பின்னாலேயே ஓடி, நகலையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அது என் ஊட்டுக்குள்ள வரக்கூடாது. நீ வெச்சிக்கோ. அந்த ஆளு என்னிக்கி அந்த லைன அடிக்கிறானோ அன்னிக்கி கொண்டா" என்றார். அப்படித்தான் அது என்னிடம் தங்கியது. நோட்டை மட்டும் திருப்பி வாங்க மூன்று முறை கம்பெனி கேட் வரை போனார். கிடைக்கவில்லை.

அதன்பிறகு எஸ்டேட்டில் எந்த கேட்டுக்குப் போனாலும் முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள், விசாரித்தார்கள், வேண்டாம் என்றார்கள். மறுபடியும் சித்தாள் வேலைக்குப் போனார், காட்டுப்பாக்கம்வரை போய்வந்தார். சின்ன வயதிலேயே கெட்டுப்போயிருந்த இதயம் அவருடையது, ஏணியில் ஏற ஏற மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. ஆறு மாதத்துக்குமுன் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தபோது நான் பார்க்கப் போனேன். நீர் மாத்திரை கொடுத்திருந்தார்கள். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளையா கீதே. நம்ம மஞ்சப்பொடி இல்லியா?"

"இல்லக்கா. இது பழைய மாத்திரை."

"அதான் காலு இஸ்க்குது. போற உப்புக்கு டெய்லி எளநி குடின்னு சொன்னாங்கோ. எளநி எந்த மரத்துல கீது, உன் ஊட்ல கீதா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "தோலு உரிச்ச எனுக்கு ஒரு வில்ல குடுக்கல பாரு, கஸ்மாலம்" என்றார். நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன் என்று சொன்னேன். ஆவடியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறேன் என்றேன். "நல்லது. அங்கயாவது பாத்து அடி" என்றார்.

இதயம் பழுதானதால் இறந்தார் என்று ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. நான் கேட்பது அதைப் பற்றியே இல்லை.

அன்று பிற்பகல் மேனாம்பேட்டிலிருந்து அக்காவை எடுத்தோம். இடுகாட்டுக்குப் போகிற வழியில் ஓரிடத்தில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு திசை மாற்றித் தூக்குவது நம்மிடம் வழக்கம். எங்கே இறக்குவது என்பது தெருவுக்குத் தெரு வேறுபடும். மேனாம்பேட்டுக்காரர்கள் புளியமரத்தடியில் இறக்குவார்கள். ஏழுமலை புளியமரத்தைத் தாண்டி நடந்தார்.

"எங்கடா போற?" என்றார் ஒரு பெரியவர்.

"வா மாமே, சொல்றேன்."

எஸ்டேட் சாலைக்குள் திருப்பினார். ஷிப்ட் விடுகிற நேரம். போல்ட் பட்டறைக்காரர்கள் வந்தார்கள், நீங்களும் வந்தீர்கள், எண்ணெய் படிந்த கையோடு நின்றீர்கள். ஆராய்ச்சிக்கூடத்தின் கேட்டுக்கு எதிரே பாடையை இறக்கினோம். மேளக்காரர்களைப் பார்த்து ஏழுமலை கை காட்டினார். மேளம் நின்றது. என்னைப் பார்த்தார்.

நான் கேட்டுக்குப் போனேன். மெமோவையும் ஒரு பேனாவையும் காவலாளியிடம் நீட்டி, டாக்டரிடம் கொடுங்கள், ஒரே ஒரு வரியை அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அதுவரை தூக்கமாட்டோம் என்றேன். காவலாளி வயதானவர், அக்காவோடு தினமும் வெற்றிலை போட்டவர். உள்ளே போனார். வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பாடையைப் பார்த்துச் சொன்னார்.

"உள்ள யாரும் இல்லன்னு சொல்ல சொன்னாங்கோ."

மேலே ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அந்த யாரும் இல்லாதவர் நிற்பது எங்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது. ஏழுமலை மேலே பார்த்துக் கத்தினார்: "யோவ் டாக்டரு! எங்க அக்கா கிழிக்கல! கிழிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லு, தூக்கிகினு போயிடறோம்!" அக்காவின் மகள், பன்னிரண்டு வயசுப் பெண், அவளும் "எங்கம்மா கிழிக்கல" என்றாள். அவள் கத்தவில்லை. ஜன்னலில் திரை விழுந்தது. வெயில் சாயும்வரை நின்றோம். பிறகு அக்காவுக்காக, தெருவுக்காக, காத்திருந்த குழிக்காகத் தூக்கினோம்.

அவருடைய நினைவாக என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று அந்தப் பேப்பர். இன்னொன்று நீல மை பாட்டில். கம்பெனியை விட்டு வரும்போது நான் எடுத்துவந்த ஒரே பொருள் அதுதான், திருட்டு என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும். எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும் ஒரு சொட்டு விட்டுப் பார், கசிகிறதா என்று நின்று பார், அப்புறம் நம்பு என்ற அந்தப் பழக்கமும் அதோடு என்னிடம் வந்துவிட்டது. வர கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

இந்த இதழ் உங்கள் மேஜைக்கு வரும் என்று எனக்குத் தெரியும், டாக்டர். நானே தபாலில் அனுப்புகிறேன். பேப்பர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நோட்டு உங்களிடம் இருக்கிறது. உங்கள் பேனாவில் மை இல்லையென்றால் பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது, கொண்டுவருகிறேன். அந்த வரியை அடித்துக் கொடுங்கள்.